அரை டாலர் ரோலுக்குள் வெள்ளி தேடுவது: ஒரு கணக்கு

அமெரிக்காவில் ஒரு வங்கிக் கிளைக்குப் போய், பத்து டாலரை நீட்டி, "அரை டாலர் ரோல் இருக்கா?" என்று கேட்டால், கையிருப்பில் இருந்தால் கொடுத்துவிடுவார்கள். காகிதத்தில் சுருட்டிய 20 நாணயங்கள், ஒவ்வொன்றும் 50 சென்ட். அந்த இருபதில் ஒன்று 1964-ஆம் வருஷத்தியதாகவோ அதற்கு முந்தையதாகவோ இருந்துவிட்டால், அதற்குள் இருக்கும் வெள்ளியின் விலை மட்டுமே 50 சென்ட்டைப் போலப் பல மடங்கு. ஆனால் வங்கிக்கு அந்தக் கணக்கு கிடையாது. 50 சென்ட் என்று அச்சடித்திருந்தால் அது 50 சென்ட்தான். வாங்குபவர் செய்வதில் சட்டத்துக்கு விரோதமாக ஒன்றும் இல்லை.

இப்படி ரோல் ரோலாக வாங்கிப் பிரித்து, வெள்ளியைப் பொறுக்கிக்கொண்டு, மிச்சத்தைத் திரும்ப வங்கியில் கட்டிவிடுவதை ஒரு பொழுதுபோக்காகவே நிறையப் பேர் செய்கிறார்கள். 'காயின் ரோல் ஹண்டிங்' என்று பெயர். கேட்டவுடன் நமக்கு வரும் கேள்வி ஒன்றுதான்: வெள்ளிக் காசை நிறுத்தி அறுபது வருஷம் ஆகிவிட்டதே, இன்னுமா மிச்சம் இருக்கும்? இருந்தால் ஏன் இருக்கிறது, அது யாருடையது, தேடினால் கூலியாவது கட்டுமா? இந்தக் குறிப்பு அதைப் பற்றித்தான்.

மூன்று வகை நாணயம்

முதலில் நாணயத்தைப் பிரித்துக்கொள்வோம். தேடுபவருக்கு அரை டாலர் மூன்றே வகை.

1964 வரை அச்சானவற்றில் 90 சதவீதம் வெள்ளி, 10 சதவீதம் செம்பு. எடை 12.5 கிராம், அதில் வெள்ளி 11.25 கிராம். 1916 முதல் 1947 வரை வந்ததில் நடந்துபோகும் சுதந்திர தேவியின் உருவம் இருக்கும். 1948 முதல் 1963 வரை பெஞ்சமின் ஃபிராங்க்ளின். 1964-இல் கென்னடி. அதற்குப் பிறகு 2025 வரை கென்னடி முகம் மாறவில்லை. அதனால்தான் பலபேர் 1964 நாணயத்தைக் கையில் வைத்துக்கொண்டே அதைச் சாதாரணக் காசு என்று நினைத்துவிடுகிறார்கள்.

1965 முதல் 1970 வரை 40 சதவீதம் வெள்ளி. எடை 11.5 கிராம், அதில் வெள்ளி 4.6 கிராம். இது ஒரே உலோகக் கலவையில் வார்த்தது இல்லை, அடுக்கு நாணயம். வெளிப்பக்கத் தகடுகளில் 80 சதவீதம் வெள்ளி, நடுவில் இருக்கும் தகட்டில் 21 சதவீதம் அளவுக்கு வெள்ளி. சராசரி எடுத்தால் 40 வரும்.

1971 முதல் புழக்கத்துக்கு வந்தவற்றில் வெள்ளி சுத்தமாகக் கிடையாது. நடுவில் செம்பு, இரண்டு பக்கமும் செம்பும் நிக்கலும் கலந்த தகடு. எடை 11.34 கிராம். தேடுபவர்கள் இதை 'கிளாட்' என்பார்கள். ரோலில் வருவதில் மிகப் பெரும்பான்மை இதுதான்.

சிங்கப்பூர், மலேசியத் தமிழர்கள் டாலரையும் ரிங்கிட்டையும் 'வெள்ளி' என்றே சொல்வார்கள், கவனித்திருப்பீர்கள். காசு நிஜமாகவே வெள்ளியாக இருந்த காலத்துச் சொல் அது. உலோகம் போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது.

1 டாலர் 38 சென்ட்

வெள்ளிக் காசு ஏன் நின்றது என்பதற்குப் பெரிய பொருளாதாரப் பாடம் எதுவும் வேண்டாம். ஒரு வகுத்தல் கணக்கு போதும். ஒரு டிராய் அவுன்ஸ் என்பது 31.1 கிராம். ஓர் அரை டாலரில் 11.25 கிராம் வெள்ளி. அப்படியென்றால் ஓர் அவுன்ஸ் வெள்ளிக்கு சுமார் 2.76 நாணயம் வேண்டும். 2.76-ஐ 50 சென்ட்டால் பெருக்கினால் 1 டாலர் 38 சென்ட். வெள்ளி அவுன்ஸுக்கு 1.38 டாலருக்குக் கீழே இருக்கும் வரை காசு காசாகவே இருக்கும். அதைத் தாண்டினால் உருக்கி விற்பது லாபம்.

1960-களின் தொடக்கத்தில் வெள்ளி விலை அந்தக் கோட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. அமெரிக்கக் கருவூலம் தன் கையிருப்பில் இருந்து அவுன்ஸ் 1.29 டாலருக்குக் கொடுத்துக்கொண்டிருந்ததால் விலை அதற்கு மேல் போகாமல் நின்றது. ஆனால் கையிருப்பு கரைந்துகொண்டே வந்தது. கூடவே நாடு முழுக்கச் சில்லறைத் தட்டுப்பாடு.

இந்த நேரத்தில்தான் 1963 நவம்பர் 22-ஆம் தேதி கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் நினைவாக அரை டாலரில் அவர் உருவத்தைப் பொறிக்கச் சட்டம் வந்தது. 1964 மார்ச்சில் நாணயம் வெளிவந்தபோது ஜனங்கள் வரிசையில் நின்று வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டார்கள். 1964 என்று தேதியிட்டு மொத்தம் சுமார் 43 கோடி அரை டாலர் அச்சானது. அத்தனையும் கடைவீதிக்குப் போகாமல் மேஜை அறைக்குள் போனது. ஒரு தலைவர் மேல் இருந்த பிரியம், ஒரு நாணயத்தின் புழக்கத்தையே நிறுத்திவிட்டது என்று சொன்னால் தப்பில்லை.

1965 ஜூலையில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்ட நாணயச் சட்டம், பத்து சென்ட்டான டைமிலும் இருபத்தைந்து சென்ட்டான குவார்ட்டரிலும் வெள்ளியை முழுசாக எடுத்துவிட்டது. அரை டாலரில் மட்டும் 40 சதவீதமாகக் குறைத்தது. அதே வகுத்தலை இதற்கும் போட்டுப் பாருங்கள். 40 சதவீத நாணயத்தை உருக்குவது லாபமாக வேண்டுமானால் வெள்ளி அவுன்ஸுக்கு 3.38 டாலரைத் தாண்ட வேண்டும். அப்போதைக்கு அது எட்டாத உயரம்.

1967-இல் கருவூலம் பொதுவாக அந்த விலைக்கு வெள்ளி விற்பதை நிறுத்தியது. வெள்ளிக் காசை உருக்கக் கூடாது என்று அதே வருஷம் ஒரு தடையும் வந்து, 1969-இல் விலகியது. 1974 தொடக்கத்தில் வெள்ளி 6 டாலரைத் தாண்டியது. எட்டாத உயரம் பத்து வருஷத்துக்குள் எட்டிவிட்டது. 1980 ஜனவரியில் விலை 50 டாலரை நெருங்கியபோது, 90 சதவீத அரை டாலர் ஒன்றில் இருந்த வெள்ளி மட்டும் 18 டாலர். மூட்டை மூட்டையாக உருக்காலைக்குப் போனது. நல்ல காசும் மட்டமான காசும் ஒரே விலைக்குச் செல்லும் இடத்தில், மட்டமானதைச் செலவழித்து நல்லதைப் பதுக்குவது மனுஷ இயல்பு. கிரெஷாம் விதி என்பது இவ்வளவுதான்.

ஏன் அரை டாலர் மட்டும்?

டைமிலும் குவார்ட்டரிலும் இதே 90 சதவீத வெள்ளி இருந்தது. அப்புறம் ஏன் தேடுபவர்கள் அரை டாலரையே கேட்கிறார்கள்?

டைமும் குவார்ட்டரும் தினசரி கை மாறும் காசு. ஒவ்வொரு தடவை கல்லாப்பெட்டிக்குள் போகும்போதும் வரும்போதும் யாராவது ஒருவர் பார்க்கிறார். அறுபது வருஷத்தில் ஆயிரம் கண் பட்டாயிற்று. தவிர, வருஷா வருஷம் கோடிக்கணக்கில் புதுசு அச்சாகிறது. பழசு இருந்தாலும் புதுசுக்குள் கரைந்துவிடும்.

அரை டாலர் நேர்மாறு. அதை யாரும் செலவழிப்பதில்லை. கடைக் கல்லாவில் அதற்கென்று பெரும்பாலும் குழி கிடையாது, விற்பனை இயந்திரங்களும் பெரும்பாலும் வாங்காது. சூதாட்ட விடுதிகளில் மட்டும் ஒரு காலத்தில் நன்றாக ஓடியது. பிளாக்ஜாக் ஆட்டத்தில் 5 டாலர் கட்டியவருக்கு மூன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் 7.50 கொடுக்க வேண்டி வரும், அந்த ஐம்பது சென்ட்டுக்கு இது உதவியது. மற்றபடி வங்கிப் பெட்டகத்தில் தூங்கும் காசு. தேவை இல்லாததால் 2002 முதல் 2020 வரை புழக்கத்துக்கென்று நாணயச்சாலை அரை டாலர் அச்சடிக்கவே இல்லை, சேகரிப்பாளர்களுக்கு மட்டும் விற்றது. 2021-இல்தான் மறுபடி ஆரம்பித்தது. ஆக, புதுசு வந்து கலப்பதும் குறைவு, கண் படுவதும் குறைவு. பழசு தங்குவதற்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது.

இன்னொன்று. 1964 என்றால் வெள்ளி என்று ஓரளவு எல்லோருக்கும் தெரியும். 1965 முதல் 1970 வரையும் வெள்ளி உண்டு என்பது, அதுவும் அரை டாலருக்கு மட்டும் உண்டு என்பது, பலருக்குத் தெரியாது. அதனால் 40 சதவீத நாணயங்கள் நிறையத் தப்பித்திருக்கின்றன.

தேடும் முறை

ஒரு ரோல் 20 நாணயம், 10 டாலர். ஒரு பெட்டி 50 ரோல், 500 டாலர், ஆயிரம் நாணயம், பதினொரு கிலோவுக்கு மேல் எடை. கிளையில் கையிருப்பு இல்லாவிட்டால் பெட்டியாக வரவழைக்கச் சொல்லிக் கேட்கலாம். சில கிளைகள் கணக்கு வைத்திருப்பவருக்கு மட்டும் செய்யும், சில கட்டணம் கேட்கும், சில முடியாது என்றுவிடும்.

பிரித்ததும் இருபதையும் ஒரு கையில் வரிசையாகச் சேர்த்துப் பிடித்து விளிம்பைப் பார்ப்பார்கள். கிளாட் நாணயத்தின் விளிம்பில் செம்பின் பழுப்புக் கோடு ஓடும். 90 சதவீத நாணயத்துக்கு விளிம்பு முழுக்க வெள்ளை. பத்தொன்பது பழுப்புக் கோட்டுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரியும், தேட வேண்டியதே இல்லை.

சிக்கல் 40 சதவீதத்தில்தான். அதன் நடுத் தகட்டிலும் பெரும்பங்கு செம்பு என்பதால் விளிம்பில் மங்கலாக ஒரு பழுப்புச் சாயல் இருக்கும். அழுக்கேறிய நாணயமென்றால் விளிம்பை மட்டும் நம்ப முடியாது. தேதியைப் பார்த்தே ஆக வேண்டும். அவசரத்தில் விளிம்பை மட்டும் பார்த்துத் தள்ளியவர் விட்டதுதான் அடுத்தவருக்குக் கிடைக்கிறது.

அதேபோல் தேதியை மட்டும் பார்த்தாலும் போதாது. 1992 முதல் சேகரிப்பாளர்களுக்கென்று கண்ணாடிபோல் மெருகிட்ட வெள்ளி நாணயம் தனியாக அச்சாகிறது, 'எஸ்' என்ற சான் ஃபிரான்சிஸ்கோ குறியோடு. யாராவது பெட்டியை உடைத்துச் செலவழித்திருந்தால் அதுவும் ரோலுக்கு வந்துவிடும். தேதி புதுசாக இருக்கும், விளிம்பு வெள்ளையாக இருக்கும். அதனால் இரண்டையும் பார்க்க வேண்டும்: 40 சதவீதத்துக்குத் தேதி, இதற்கு விளிம்பு.

1776–1976 என்று இரட்டைத் தேதி போட்ட நாணயம் அடிக்கடி வரும். பழசு மாதிரி தோன்றும். புழக்கத்துக்கு வந்ததில் வெள்ளி இல்லை, 'எஸ்' குறியோடு சேகரிப்பாளர்களுக்கு விற்றதில் ஒரு பகுதிக்கு மட்டும் 40 சதவீதம் உண்டு. 1970-இல் டென்வரில் அச்சானது புழக்கத்துக்கே விடப்படவில்லை, நாணயச்சாலை விற்ற தொகுப்பில் மட்டும் வந்தது. அது ரோலில் கிடைத்தால், வெள்ளி விலைக்கு மேல் சேகரிப்பு மதிப்பும் உண்டு.

ரோலைப் பிரிக்காமல் தராசில் வைத்தே கண்டுபிடித்துவிடலாமே என்று ஒரு யோசனை வரும். முழுக்க 90 சதவீதமென்றால் 20 நாணயம் 250 கிராம், முழுக்க கிளாட் என்றால் 226.8. நல்ல வித்தியாசம்தான். ஆனால் ரோல் முழுக்க வெள்ளியாகக் கிடைப்பது அபூர்வம். ஒரே ஒரு 40 சதவீத நாணயம் இருந்தால் கூடுவது 0.16 கிராம். காகிதத்தின் எடை வித்தியாசமும் நாணயத் தேய்மானமும் அதை விழுங்கிவிடும். பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

கூலி கட்டுமா?

இப்போது பணத்துக்கு வருவோம். வெள்ளி விலை தினம் மாறும், அதனால் கணக்குக்காக அவுன்ஸ் 30 டாலர் என்று வெச்சுக்குவோம். 90 சதவீத நாணயத்தில் வெள்ளி 10 டாலர் 85 சென்ட். 40 சதவீத நாணயத்தில் 4 டாலர் 44 சென்ட். கொடுத்த 50 சென்ட்டைக் கழித்தால் லாபம் 10.35, 3.94. விற்கப் போனால் வியாபாரி தன் பங்கை எடுத்துக்கொள்வார். 40 சதவீதத்துக்கு இன்னும் குறைவாகத்தான் தருவார், உருக்கிப் பிரிப்பதில் செலவு அதிகம் என்பதால். அவரவர் இடத்தில் அன்றைய விலையைப் போட்டு இதே கணக்கைச் செய்துகொள்ளலாம்.

இதை 'நஷ்டமே இல்லாத விளையாட்டு' என்று சொல்வார்கள். முதலுக்கு மோசமில்லை என்பது நிஜம்தான். வெள்ளி கிடைக்காவிட்டாலும் 500 டாலர் 500 டாலராகவே திரும்பும். ஆனால் நேரம் திரும்பாது. நாணயத்துக்கு இரண்டு நொடி என்றாலும் ஆயிரத்துக்கு அரைமணிக்கு மேல். பிரிக்க, மறுபடி சுருட்ட, வாங்கப் போக, கட்டப் போக என்று எல்லாம் சேர்த்துப் பெட்டிக்கு இரண்டு மணி நேரம் என்று வெச்சுக்கிட்டால், பெட்டிக்கு ஒரு 40 சதவீத நாணயம் கிடைப்பவருக்குக் கூலி மணிக்கு 2 டாலர்கூட இல்லை. அமெரிக்காவில் மத்திய அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். பெட்ரோல் செலவை இன்னும் கணக்கில் எடுக்கவில்லை.

"எனக்குச் சராசரியாகப் பெட்டிக்கு மூன்று கிடைக்குது" என்று ஒருவர் சொன்னால் அதையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு ஒருவர் 20 பெட்டி தேடுகிறார். 18 பெட்டியில் ஒன்றுமே இல்லை. ஒன்றில் 2, ஒன்றில் 60. மொத்தம் 62, சராசரி 3.1. ஆனால் மூன்று வெள்ளி இருந்த பெட்டி அதில் ஒன்றுகூட இல்லை! அந்த அறுபது வராதவருக்குச் சராசரி 0.1. வெள்ளி, சோற்றில் உப்பு மாதிரி சீராகக் கலந்திருப்பதில்லை. கட்டி கட்டியாகக் கிடக்கிறது. ஏனென்றால் அது ஒவ்வொன்றாக வங்கிக்கு வருவதில்லை, யாரோ ஒருவருடைய டப்பாவோடு மொத்தமாக வருகிறது. 60 கிடைத்தவர்தான் ஊரெல்லாம் சொல்வார். பதினெட்டு வெற்றுப் பெட்டியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

சல்லடை

ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு மாதிரி இது வேலை செய்கிறது. தேடுபவர் வெள்ளியை எடுத்துக்கொள்கிறார், கிளாட்டைத் திருப்பிக் கட்டுகிறார். அந்த கிளாட் மறுபடி ரோலாகி இன்னொரு தேடுபவரிடம் போகிறது. ஒரு வட்டாரத்துக் காசில் வருஷத்துக்குப் பாதி தேடுபவர் கைக்கு வந்து போகிறது என்று வைத்தால், பத்து வருஷத்தில் அங்கிருந்த வெள்ளி ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பத்து தடவை பாதியாக்கினால் 1024-இல் ஒன்று. தேடிய காசில் மை வைத்து அடையாளம் போட்டு விடுபவர்கள் உண்டு. அந்த மை திரும்பத் திரும்ப வந்தால், தான் கட்டியதையே தான் வாங்கித் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். அதனால் ஓர் இடத்தில் வாங்குவார்கள், தூரத்தில் இன்னோர் இடத்தில் கட்டுவார்கள். வாங்கிய கிளையிலேயே மூட்டையைக் கொண்டுபோய்க் கொட்டினால், கவுன்ட்டரில் இருப்பவர் இரண்டாவது தடவை முகம் சுளிப்பார், மூன்றாவது தடவை ரோல் இல்லை என்பார். எண்ணுவதும் அடுக்குவதும் அவர் வேலை நேரத்தில் நடப்பது.

சல்லடையில் இத்தனை தடவை சலித்தும் வெள்ளி வருகிறது என்றால், அது பழைய மிச்சம் இல்லை. புதுசாக வங்கிக்குள் வந்துகொண்டிருக்கிறது.

யாருடைய உண்டியல்?

எங்கிருந்து வருகிறது? 1964-இல் வரிசையில் நின்று வாங்கி வைத்த தலைமுறை வயதாகிப் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறது. வீட்டைக் காலி செய்யும் பிள்ளைகள் கையில் ஒரு காபி டப்பா நிறைய அரை டாலர் கிடைக்கிறது. இறுதிச் சடங்கு அலைச்சல், வீட்டை விற்கும் அவசரம். டப்பாவை அப்படியே வங்கியில் கட்டிவிடுகிறார்கள். தாத்தா சேர்த்ததைத் தின்பண்டத்துக்கு எடுத்துப்போகும் பேரன் உண்டு. கைச்செலவுக்கு வழியில்லாமல் உண்டியலை உடைப்பவரும் உண்டு. திருட்டுக் காசும் இப்படி வந்து சேர வாய்ப்பிருக்கிறது.

ஆக, ரோலில் கிடைக்கும் 90 சதவீத நாணயம் ஒவ்வொன்றும், நம் கணக்குப்படி, யாரோ ஒருவர் தெரியாமல் விட்ட 10 டாலர். ஒரு டப்பாவில் 60 இருந்தால் 600 டாலர். வங்கிக்கு அதில் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. சேர்த்து வைத்தவரின் குடும்பத்திடம் இருந்து தேடியவர் கைக்குப் போகிறது, அவ்வளவுதான். தேடுபவர் செய்தது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அவர் எடுக்காவிட்டால் இன்னொருவர் எடுக்கப்போகிறார், இல்லையென்றால் அது பெட்டகத்தில் தூங்கப்போகிறது. ஆனால் "வங்கி கொடுக்கும் இலவசப் பணம்" என்று சொல்வது மட்டும் சரியில்லை. கொடுத்தவர் வேறொருவர், தான் கொடுத்தது அவருக்கே தெரியாது.

அதனால் இந்தக் கணக்கில் நிஜமாகவே மணிக்கூலி கட்டும் இடம் ஒன்று இருக்கிறது. வங்கியில் வாங்கும் ரோலில் இல்லை, வங்கிக்குக் கொண்டுபோகும் டப்பாவில். அமெரிக்காவில் யாராவது பழைய சில்லறையை மொத்தமாகக் கட்டப் போகிறார் என்றால், அதற்கு முன் அரைமணி நேரம் உட்கார்ந்து தேதியைப் பார்த்தால் போதும். டைம், குவார்ட்டர், அரை டாலர் மூன்றிலும் 1964 வரை வெள்ளி. அரை டாலரில் மட்டும் 1970 வரை. சில்லறை எண்ணும் இயந்திரத்தில் கொட்டுபவர்கள், அது விழுங்காமல் வெளியே தள்ளும் காசைச் செல்லாக்காசு என்று விட்டுவிட்டுப் போகக் கூடாது. எடையும் உலோகமும் ஒத்துவராததால் வெள்ளிக் காசைப் பல சமயம் அது தள்ளிவிடும்.

மற்றபடி, ரோல் வாங்கிப் பிரித்துப் பார்க்கும் ஆசை இருப்பவர்கள் தாராளமாகப் பார்க்கலாம். பத்து டாலர் போட்டால் பத்து டாலர் திரும்ப வரும். கூலிக்காகப் போகாதீர்கள், அவ்வளவுதான். ஒரு நாள் விளிம்பு வரிசையில் வெள்ளைக் கோடு தெரிந்தால், தேதியைப் படித்துவிட்டு, அதை வாங்கி வைத்தவர் யாராக இருந்திருப்பார் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள்.